செக்லிஸ்ட்டின் பதினான்காவது வரி

போன மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். பெயர் வித்யா. நான் கடைசியாக வேலை பார்த்த திருமுடிவாக்கம் கம்பெனியில் இப்போது தரக் கட்டுப்பாட்டைப் பார்த்துக்கொள்கிறாளாம். கம்பெனி வெள்ளிவிழா மலர் போடுகிறது, பழைய ஆட்களிடம் அனுபவக் கட்டுரை கேட்கிறார்கள் என்றாள். எனக்கு அந்த மாதிரி மலர்களில் நம்பிக்கை இல்லை. முதல் பக்கத்தில் மாலை போட்ட படம், கடைசிப் பக்கத்தில் விளம்பரம், நடுவில் எல்லோரும் எல்லோரையும் புகழ்ந்திருப்பார்கள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வேறொன்று கேட்டாள்.

"சார், எங்க செக்லிஸ்ட்ல பதினாலாவதா ஒரு வரி இருக்கு. 'பூஜைக்கு முன் குழாய்க்கு உறை மாட்டி முத்திரை வைக்கப்பட்டதா?' அதுக்கு ஒரு கையெழுத்து. ஏன் இருக்குன்னு யாருக்குமே தெரியல. நீங்கதான் சேர்த்தீங்கன்னு பழைய ஃபைல்ல இருக்கு. அதைப் பத்தி எழுதித் தரீங்களா?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த வரி எனக்குத் தெரியும். அதைத் தவிர என் உத்தியோகத்தில் எழுதுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை.

நான் ஐ.டி.ஐ. படித்த ஃபிட்டர். அம்பத்தூரில் ஒரு மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, இன்ஸ்பெக்ஷன் பிரிவுக்குப் போய், பதினெட்டு வருஷம் பிஸ்டன் பின்களை அளந்தேன். அந்தத் தொழிற்சாலை மூடியபோது எனக்கு நாற்பத்தெட்டு வயது. வீடு மேற்குத் தாம்பரம். வீட்டுக்குப் பக்கமாக ஏதாவது கிடைக்காதா என்று அலைந்தபோது, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் முப்பது பேர் வேலை செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் என்னை எடுத்துக்கொண்டார்கள். எல்லையில் கண்காணிப்புக்குப் போகும் ஆளில்லா விமானம் செய்கிறோம் என்றார்கள். ட்ரோன் என்ற சொல்லை அப்போது நாங்கள் யாரும் சொன்னதில்லை. இன்றைக்கு மேடவாக்கத்தில் ஒரு கல்யாணம் என்றாலே பந்திக்கு மேலே ஒன்று ரீங்காரமிடுகிறது. அன்றைக்கு, ஆளில்லாத விமானமா என்று என் மனைவியே சிரித்தாள்.

எங்கள் விமானம் ஒரு ஆள் கைகளை விரித்துப் படுத்தால் எவ்வளவோ, அதைவிடக் கொஞ்சம் பெரியது. வயிற்றில் ஒரு கேமரா. வேலிக்கு இந்தப் பக்கம் பறந்துகொண்டே அந்தப் பக்கத்து மணல்மேட்டின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். அது காட்டாவிட்டால் காவலுக்கு இருக்கும் பையன்கள் நடந்து போய்த்தான் பார்க்க வேண்டும்.

அதன் இறக்கையின் முன்விளிம்பில் பித்தளையில் ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். ஊசிக் குழாய் என்போம். எதிர்க்காற்று அதற்குள் புகும் அழுத்தத்தை வைத்துத்தான் விமானம் தன் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். உள்ளே பைலட் இல்லையே, அதற்கு வேகம் சொல்ல வேறு நாதியில்லை. குழாயின் வாய் குண்டூசித் தலை அளவுதான் இருக்கும். தூசி புகாமலிருக்க, கொடி தைத்த ஒரு சிவப்புத் துணி உறையை மாட்டி வைப்போம். பறக்கும் முன் கழற்ற வேண்டும்.

அந்தக் குழாயைச் சோதிப்பது என் வேலை. முறை இதுதான். ஊசி இல்லாத சிரிஞ்ச் ஒன்றில் ரப்பர் குழாயைச் செருகி, மறுமுனையைப் பித்தளைக் குழாயின் மேல் ஏற்ற வேண்டும். வாயை வைத்து ஊதக் கூடாது, எச்சில் ஈரம் உள்ளே போய்விடும். சிரிஞ்சை மெதுவாக அழுத்தினால் லேப்டாப் திரையில் வேகம் ஏறும். இருபதைத் தொட்டதும் நிறுத்தி, ஒரு நிமிஷம் அப்படியே பிடிக்க வேண்டும். எண் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஏறவே இல்லை என்றால் அடைத்திருக்கிறது. எல்லாம் சரியென்றால் தாளில் அளவை எழுதிக் கையெழுத்துப் போட்டு, உறையை மாட்டி, பெட்டியில் வைத்து, ஈய முத்திரை குத்த வேண்டும். முத்திரை விழுந்த பிறகு யாரும் தொடக் கூடாது. மொத்தம் பத்து நிமிஷ வேலை. நான் அதை ஒருநாளும் ஒன்பது நிமிஷத்தில் முடித்ததில்லை.

குழாயிலிருந்து உள்ளே கம்ப்யூட்டர் வரை போகும் அத்தனை வயரிங்கும் காதருடையது. பம்மலில் வாடகை வீட்டில் இருந்த எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். சால்டரிங் அயர்னைப் பிடித்தால் கை ஆடாது, வாய் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். என்னை அண்ணா என்பார். மத்தியானம் என் டப்பாவிலிருந்த வத்தக்குழம்பைப் பாதி அவர்தான் தின்பார்.

எம்.டி.யைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல படிப்பாளி, குரலை உயர்த்தாதவர். அவர் எதையும் பேனாவால் எழுதி நான் பார்த்ததில்லை. எந்தக் காகிதத்தைக் கொண்டுபோனாலும் காதிலிருந்து பென்சிலை எடுத்து ஓரத்தில் பொடிப்பொடியாகத் திருத்துவார். "நீங்களே நல்லா எழுதுவீங்க, நான் சும்மா பார்க்கறேன்" என்பார். நாம் அதைப் பேனாவால் நல்ல தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பென்சில் எழுத்தை அழித்துவிட வேண்டும். அழிரப்பரையும் அவரே எடுத்துக் கொடுப்பார். என்ன பெருந்தன்மை என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, அந்தக் கம்பெனியில் நல்லதோ கெட்டதோ அவர் கையெழுத்தில் ஒரு சொல்லும் கிடையாது.

அந்த வருஷம் ஆயுத பூஜை நோன்பு மாதத்தில் வந்தது. பூஜை முடிந்து நான்காம் நாள் விமானம் மேற்கே பாலைவன எல்லைக்குச் சோதனைப் பறப்புக்குப் போக வேண்டும். முதல் நாளே நான் குழாயைச் சோதித்து முத்திரை குத்திவிட்டேன். பூஜையன்று லேத், ட்ரில்லிங் மெஷின், கம்ப்யூட்டர், எம்.டி.யின் கார் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக நின்றன. எம்.டி. சுற்றிலும் பார்த்தார்.

"மெயின் ஆளையே பெட்டிக்குள்ள வெச்சிட்டு நாம எதுக்கு பூஜை போடறோம்? வெளியில எடுங்க."

"முத்திரை வெச்சாச்சு சார்" என்றேன்.

"அதனால என்ன தணிகாசலம், வேற முத்திரை வெச்சிக்கலாம்."

உடைத்தேன். பதினெட்டு வருஷம் பிஸ்டன் பின் அளந்தவன், ஒருவரும் தொடக் கூடாது என்று நானே போட்ட முத்திரையை நானே உடைத்தேன். விமானத்தை மேசைமேல் வைத்து மாலை போட்டோம். சிவப்புக் கொடி படத்தில் அசிங்கமாக விழுகிறது என்று போட்டோ எடுத்தவர் சொன்னதால் உறையைக் கழற்றினோம். யூனிட்டில் வயதில் பெரியவன் என்று பொட்டு வைப்பது எப்போதும் நான்தான். சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு மூக்கு, சக்கரம், இரண்டு இறக்கை என்று வைத்துக்கொண்டே போனேன். பித்தளைக் குழாய் மட்டும் பளபளவென்று வெறுமனே நின்றது. அதன் நுனியிலும் ஒரு பொட்டு. அதன்மேல் குங்குமம். எம்.டி. கைகூப்பியபடி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாளைக்கு நாற்பது தடவை அந்தத் துளையைப் பற்றியே யோசிக்கிறவன் நான். அன்றைக்கு அது எனக்குத் துளையாகத் தெரியவில்லை, சாமி முன்னால் வைத்த பொருளாகத்தான் தெரிந்தது. இதற்கு மேல் எனக்கு விளக்கம் தெரியாது.

காதர் நோன்பு. வாசல் பக்கம் நின்றிருந்தார். பொரி கடலையைப் பிள்ளைகளுக்கென்று பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டார். எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, குழாய் உறையில்லாமல் கிடக்கிறதே என்று அவர்தான் நுனியைக் கவனிக்காமல் உறையை மாட்டி, விமானத்தைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, பேக்கிங் தாளில் 'உறை மாட்டியவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். தானாக எடுத்துச் செய்த வேலை. மறுநாள் நான் வந்து பெட்டிக்குப் புது முத்திரை குத்தினேன். சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. முந்தாநாள் செய்தாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

எல்லைக்கு எம்.டி.யும் காதரும் போனார்கள். அங்கே நடந்ததைக் காதர் எனக்குப் போனில் சொன்னார். அதிகாரிகள் வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். காவலுக்கு நடக்கும் பையன்கள் சுற்றி நின்று, இது எப்போது நிரந்தரமாக வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். காதர் உறையைக் கழற்றினார். குழாயின் வாயில் மஞ்சளாக ஏதோ பொடி ஒட்டியிருந்தது. பாலைவனத்து மண் என்று நினைத்துத் தட்டிவிட்டார். ஆனாலும் மனசு கேட்காமல் சிரிஞ்சைக் கையில் எடுத்திருக்கிறார்.

"பத்து நிமிஷம் குடுங்க சார், ஒரு வாட்டி அமுக்கிப் பாத்துர்றேன்னேன். 'மெட்ராஸ்ல பண்ணியாச்சு இல்ல? தணிகாசலம் கையெழுத்து இருக்கு. அவர் கையெழுத்தப் பாத்தா நான் கண்ண மூடிப்பேன்'னாரு எம்.டி. நானும் உட்டுட்டேன் அண்ணா. உங்க கையெழுத்தாச்சே."

தரையில் நிற்கும்போது வேகம் பூஜ்யம் என்று காட்டுவது சரிதான். மேலே போன பிறகும் பூஜ்யம் காட்டினால்தான் ஆபத்து. விமானம் ஏறியது. தனக்கு வேகமே இல்லை, விழப்போகிறோம் என்று அதன் கம்ப்யூட்டர் நினைத்தது. வேகம் பிடிப்பதற்காக மூக்கைக் கீழே குத்தியது. குத்தக் குத்த வேகம் ஏறியும் திரையில் பூஜ்யம்தான். வேலிக்கு இந்தப் பக்கமே முள்ளுக்காட்டில், அத்தனை பேர் முன்னிலையில், முழு வேகத்தில் போய் விழுந்தது.

உடைந்த குழாயை எம்.டி. யாரிடமும் கொடுக்கவில்லை. எங்கள் யூனிட்டிலேயே பரிசோதித்து அறிக்கை தருகிறோம் என்று சொல்லித் திருமுடிவாக்கத்துக்கே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். நான் அதை நீளவாக்கில் அறுத்தேன். நுனியில் அரை விரல் நீளத்துக்கு மஞ்சளாகக் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது, வாயோரம் சிவப்பு. ஊசியால் சுரண்டி மூக்கருகே கொண்டுபோனேன். கோவிலுக்குள் நுழைந்த மாதிரி மணந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

எம்.டி. அறைக் கதவைச் சாத்தினேன்.

"சார், இது சந்தனம். அன்னைக்கு நான் வெச்சது."

அவர் குழாயைப் பார்க்கவில்லை. அவருக்கும் தெரிந்திருந்தது என்று எனக்கு அப்போதே புரிந்தது.

"டெஸ்ட் பண்ணீங்களா?"

"வாசனை வருது சார்."

"வாசனையை ரிப்போர்ட்ல எப்படி எழுதுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். அவரே தொடர்ந்து, "பூஜை போட்டதால விழுந்ததுன்னு எழுதினா நம்மளப் பார்த்து சிரிப்பாங்க தணிகாசலம். அப்புறம் ஒரு ஆர்டர் வராது. முப்பது குடும்பம் இருக்கு. உள்ளே என்ன இருந்தது, வெளிப்பொருள். அவ்வளவுதானே உண்மை? கடைசியா குழாயில கை வெச்சது யாருன்னு கேக்கறாங்க. பேப்பர்ல என்ன இருக்கோ அதை எழுதுங்க" என்றார்.

நான் முதலில் எழுதிக்கொண்டுபோன தாளில் 'சந்தனம்' என்று இருந்தது. அவர் பென்சிலால் அதைச் சுற்றி ஓரத்தில் 'வெளிப்பொருள் போதும்' என்று எழுதினார். அழிரப்பரை என் பக்கம் தள்ளினார். பேக்கிங் தாளில் கடைசிக் கையெழுத்து காதருடையது. அதை எழுதினேன். குழாயில் வெளிப்பொருள் இருந்தது, கடைசியாக உறை மாட்டியவர் காதர். ஒரு வரிகூடப் பொய் இல்லாத அறிக்கை அது. கீழே என் கையெழுத்து. பென்சில் எழுத்தை அழித்து, மேசையைக்கூட நானே ஊதித் துடைத்துவிட்டு வந்தேன்.

எனக்கு அப்போது ஐம்பத்துநான்கு. ரிட்டயர்மெண்டுக்கு நான்கு வருஷம். பெண் இஞ்சினியரிங் கடைசி வருஷம். இதையெல்லாம் சாக்காகச் சொல்லவில்லை. பயம். அவ்வளவுதான் காரணம்.

எல்லைக்குப் போகும் பொருள், குழாயில் வெளிப்பொருள், கடைசியாகத் தொட்டவர் இந்தப் பெயர் உள்ளவர். ரம்ஜான் முடிந்த வாரம் விசாரணைக்கென்று இரண்டு பேர் யூனிட்டுக்கு வந்து காதரைத் தனியறையில் உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். மறுநாள் பம்மல் வீட்டுக்குப் போனார்கள். வளைகுடாவில் இருக்கும் தம்பி என்ன வேலை செய்கிறான், யார் யார் போன் செய்கிறார்கள், அன்று பூஜையில் ஏன் கலந்துகொள்ளவில்லை என்று கேட்டார்களாம். தெருவே வெளியில் வந்து நின்று பார்த்தது. ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படவில்லை என்று யாரும் எழுதித் தரவுமில்லை. இவரைப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட வேலையில் வைக்க வேண்டாம் என்று மட்டும் ஒரு கடிதம் வந்தது. எங்கள் யூனிட்டில் அதைத் தவிர வேறு வேலையே கிடையாது. எம்.டி. அவரைக் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நான் சும்மா பார்க்கிறேன் என்றார். வீட்டுக்காரரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

கணக்கு முடித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் காதர் தாம்பரம் ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். இரண்டு டீ சொன்னார். வழக்கம்போல ஒன்றை என் கையில் கொடுத்தார்.

"அண்ணா, அது சந்தனம்தானே?"

"ஆமாம்."

"நீங்க வெச்சதுதானே?"

"ஆமாம், காதர்."

"அப்பால இன்னாத்துக்கு அண்ணா வாயத் தொறக்கல? இன்னைக்கு சொல்லுவாரு, நாளைக்கு சொல்லுவாருன்னு பாத்துகினே இருந்தேன்."

அந்த நேரத்தில் நான் கேட்டதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. "உனக்கும் தெரியுமே, நீயே அவங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றேன்.

காதர் கோபப்படவில்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"சொன்னேன்னு வெச்சுக்கோங்க. எதுர்ல குந்திகினு கீறவன் இன்னா கேப்பான்? 'பூஜை மேலயே பழி போடறியா'ன்னு கேப்பான். நான் சொன்னா அது வேற விசயமா பூடும் அண்ணா. நீங்க சொன்னா அது வெறும் தப்பு."

டீக்கு அவரே காசு கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த வருஷம் புது விமானம் போனது, நன்றாகப் பறந்தது. அதுவரை அந்தப் பையன்கள் நடந்துகொண்டுதான் இருந்திருப்பார்கள். அந்த வருஷம்தான் நான் செக்லிஸ்ட்டில் பதினான்காவது வரியைச் சேர்த்தேன். எம்.டி. படித்துவிட்டுத் தலையாட்டினார். பென்சிலை எடுக்கவில்லை. எனக்கு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்தது. ரிட்டயர் ஆன அன்று சந்தன மாலை போட்டார்கள். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, போட்டோ இருக்கிறது.

காதர் இப்போது மேடவாக்கத்தில் இன்வெர்ட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அடுக்குமாடி வீடுகளில் நல்ல பழக்கம். ஒருமுறை தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் என் பஸ் மாட்டிக்கொண்டு நின்றபோது கடை வாசலிலிருந்து என்னைப் பார்த்துவிட்டார். "நல்லா கீறீங்களா அண்ணா?" என்றார். தலையாட்டினேன். பஸ் நகர்ந்துவிட்டது. இறங்கியிருக்கலாம்.

இதையெல்லாம் எழுதி வித்யாவுக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்துத் தாள்கள் திரும்பி வந்தன. கட்டுரை அருமை, சின்னச் சின்னத் திருத்தம் மட்டும் சேர்மன் சார் சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எம்.டி.தான் இப்போது சேர்மன். எண்பது வயதிலும் எழுத்து நடுங்கவில்லை. 'சந்தனம்' என்ற சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் சுற்றி, ஓரத்தில் அதே பொடி எழுத்து: 'வெளிப்பொருள் போதும்.'

இந்த முறை நான் ரப்பரைத் தேடவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு நேராக மேடவாக்கம் போனேன். வேறு பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன், முதலில் நீ படி என்றேன். காதர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பக்கம் விடாமல் படித்தார். இடையில் வந்த வாடிக்கையாளர் இருவரைக் காத்திருக்கச் சொன்னார். படித்து முடித்ததும் தாள்களை அடுக்கி, மேசையில் தட்டிச் சமன் செய்து, என்னிடம் கொடுத்தார்.

"எல்லாம் கரீட்டா எழுதிக்கிறீங்க. போடுங்க அண்ணா. என் பேரை மட்டும் எடுத்துருங்க."

"ஏன் காதர்? நீ தப்புப் பண்ணலன்னுதானே எழுதியிருக்கேன்."

"பொண்ணு கவர்ன்மெண்ட் பரிட்ச பாஸ் பண்ணிக்கிது. அடுத்த மாசம் போலீஸ் வெரிஃபிகேஷனுக்கு வருவாங்க. தப்புப் பண்ணலன்னு போட்டாலும், இன்னா தப்புன்னுதான் முதல்ல கேப்பான்."

வந்தவர்களில் ஒருவருடைய இன்வெர்ட்டரைத் திறந்துகொண்டே சொன்னார். அவருக்குச் செய்ய எனக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். அதனால் இந்தக் கட்டுரையில் காதர் என்று வருவது அவருடைய பெயர் இல்லை. தணிகாசலம் என்பது என் பெயர்தான்.